பின் சீட்டில் இரண்டு பெட்டிகள்

அத்தியாயம் 14

பச்சைக் காரின் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்த தம்பியை, வெள்ளிக்கிழமை மாலையில் அப்படியே குனிந்த நிலையில் நிறுத்திவிட்டு, போன வாரம் நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், அவன் இடுப்பு என்ன ஆயிற்றோ. முதலில் அவனை நிமிர்த்திவிடலாம்.

இடையில் படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி. அக்காவுக்கும் தம்பிக்கும் அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. அவர் விட்டுச் சென்றதெல்லாம் சத்தமில்லாமல் பிரிந்துவிட்டது. பாட்டு செட் மட்டும் பிரியவில்லை. தூக்கினால் மூச்சு வாங்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர், முழங்காலுக்கு மேல் உயரமான இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகள். "பத்து வயசுலேர்ந்து அதைப் பிரிச்சு மாட்டினவன் நான்" என்கிறான் தம்பி. கடைத்தெருப் பின்கட்டில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், சொல்ல உரிமை உண்டு. "கடைசி ஆறு வருஷம் அவரை வெச்சுப் பார்த்தது எங்க வீடு" என்கிறார் அத்தான், அதாவது அக்காவின் கணவர். இரண்டும் உண்மை. அதனால்தான் இரண்டு மாதமாக இருவரும் முகத்துக்கு முகம் பேசுவதில்லை.

"வீட்டுல இருந்தா நான் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தூக்கிட்டுப் போயிடுவான். என்கூடவே சுத்தட்டும்" என்று அத்தான் அதைக் காரில் ஏற்ற முடிவெடுத்தார். காரில் இருந்த பழைய பாட்டுப்பெட்டி செத்துப்போய் வருஷமாகிறது. மகள் பொடிசுக்குச் சனிக்கிழமை வெளியூரில் சக்கரக் காலணி நடனப் போட்டி. வழியெல்லாம் அவள் தன் பாட்டைக் கேட்டுக்கொண்டே போகலாமே என்பது கூடுதல் நியாயம்.

வீட்டுக் கரண்டில் ஓடுவதைக் கார் பேட்டரியில் ஓடவைப்பது விளையாட்டு வேலை இல்லை. நடுவில் ஒரு இன்வெர்ட்டர் வேண்டும், பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் ஒயர் இழுக்க வேண்டும். அக்கா தம்பியிடம்தான் போய் நின்றாள். "கண்டவன் அதுல கை வைக்கறதுக்கு நானே செஞ்சு தொலைக்கறேன்" என்று அவனும் வந்துவிட்டான்.

ஆக, வெள்ளிக்கிழமை மாலை காட்சி இதுதான். வாசலில் தம்பி. எட்டடி தள்ளி ஜன்னலுக்குப் பின்னால், செய்தித்தாளின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் படிக்கும் அத்தான். நடுவில் அக்கா.

"டார்ச் வேணுமான்னு உன் தம்பியைக் கேளு."

"வேணாம்னு சொல்லுக்கா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லு."

அத்தான் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஊர் மக்களின் பார்வையைச் சோதித்துச் சொல்பவருக்கு இந்தப் பதில் எங்கே போய்க் குத்தும் என்று அக்காவுக்குத் தெரியும். "வெளிச்சம் இருக்காம்" என்று மட்டும் சொன்னாள்.

இப்படித்தான் இரண்டு மாதத்தை ஓட்டியிருக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து முள்ளோடு வருவதை, முள்ளெடுத்து இந்தப் பக்கம் கொடுப்பாள். பல் டாக்டரிடம் பதினோரு வருஷமாக வரவேற்பு மேஜையில் இருப்பவளுக்கு இது கைவந்த கலை.

கிளம்பும்போது தம்பி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது இது. வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அந்தாளுகிட்ட சொல்லு. ஊர்ல பவுசு காட்டறதுக்கு அலறவிடக் கூடாது. ஃப்யூஸ் மூணு போட்டேன், மூணும் போயிடுச்சு. இப்போதைக்கு அந்த இடத்துல செப்புக்கம்பி சொருகி வெச்சிருக்கேன், பாட்டு வருதான்னு பாக்கறதுக்கு. ஒயரும் கையில இருந்த சின்ன ஒயருதான். நாளைக்குச் சாயங்காலம் வந்து ரெண்டையும் மாத்தறேன். அதுவரைக்கும் தொடக் கூடாதுன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமைதானே போறாங்க?"

"ஆமாடா" என்றாள் அக்கா.

போட்டி ஞாயிற்றுக்கிழமை இல்லை. தானும் பார்க்க வர வேண்டுமென்று தம்பி ஆசைப்பட்டிருந்தான். "அவன் வந்தா நான் வரல" என்று அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதனால் அக்கா ஒரு நாளைத் தள்ளிச் சொல்லிவைத்தாள். கடைசி நேரத்தில் தேதி மாறிவிட்டது என்று பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

உள்ளே வந்ததும் அத்தான் கேட்டார். "என்ன சொல்லிட்டுப் போறான்?"

கூடாது என்று தம்பி சொன்னதாகச் சொன்னால், அந்த நிமிஷமே சாவியோடு கிளம்பி அலறவிட்டுக் காட்டுவார். போன மாதம் ஒரு தடவை பட்டாயிற்று. தவிர, ஃப்யூஸ், செப்புக்கம்பி என்பதெல்லாம் அவளுக்குத் தம்பியின் தொழில் பேச்சு, அவ்வளவுதான். அதில் உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நல்லா பண்ணியிருக்கானாம். உங்களுக்குப் பிடிக்கும்னான்" என்றாள்.

அத்தானின் முகம் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. அதைப் பார்த்து அக்காவுக்கும் சந்தோஷமாக இருந்தது.

●

சனிக்கிழமை காலை ஒன்பதரை. டிக்கியில் படுக்கவைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் அத்தான் வெளியே எடுத்தார்.

"அங்கேயே இருக்கட்டுமேங்க. அவன் வெச்சிருக்கான்ல?"

"டிக்கிக்குள்ள பாடினா யாருக்குக் கேக்கும், ஸ்டெப்னிக்கா?"

இரண்டையும் பின் சீட்டில் ஏற்றினார். இடது கதவை ஒட்டி ஒன்று, வலது கதவை ஒட்டி ஒன்று. சீட் பெல்ட்டை எடுத்து இரண்டுக்கும் பதவிசாக மாட்டிவிட்டார். முன் சீட்டில் பொடிசின் போட்டி உடை கசங்காமல் நீட்டிப் படுத்திருந்தது. கதவு எதுவும் அவளுக்கு மிச்சமில்லை. முன்பக்கமாக ஏறி, இரண்டு இருக்கைக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி நுழைந்து, பெட்டிகளுக்கு மத்தியில் போய் விழுந்தாள். பதினொரு வயசு, ஒல்லிக்குச்சி, எங்கே வேண்டுமானாலும் நுழைவாள்.

எதிர்வீட்டுக்காரர் நடைப்பயிற்சி முடித்து வந்துகொண்டிருந்தார். "என்ன சார், வீட்டைக் காலி பண்றீங்களா?"

"இல்ல சார். ஹாலை மட்டும் ஒரு நடை வெளியூர் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பொடிசு இரண்டு பெட்டிகளின் தலையிலும் கையைப் போட்டுக்கொண்டு, "அம்மா, என்னோட பாடிகார்ட்ஸ்" என்றாள்.

அத்தான் தன் போனை ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த கேபிளில் செருகினார். பாட்டு ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டைச் சாத்தினார். கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாமா என்று அக்கா வாயெடுத்தாள். அத்தானின் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க மனசு வராமல் கையை மட்டும் ஆட்டினாள்.

கார் திருப்பத்தில் மறைந்த பிறகும் பாட்டு கொஞ்ச நேரம் தெருவில் கேட்டது.

●

சனிக்கிழமைகளில் பல் ஆஸ்பத்திரி நிரம்பி வழியும். அக்காவுக்கு லீவு கிடைக்காததும் அதனால்தான்.

உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். "அந்த லாரிக்காரரைக் கேளுங்க, மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தாராம்? தாடையே அழுகினப்புறம்தான் வருவாராமா?"

லாரி ஓட்டுநர் வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். ஆறடி ஆள், கண்ணில் பயம்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா உங்களுக்கு வலி குறைஞ்சிருக்குமேன்னு டாக்டர் வருத்தப்படறார்" என்றாள் அக்கா. குரல் தேனாக இருந்தது. "பதட்டப்படாதீங்க. ஒண்ணும் இல்ல. சின்ன வேலைதான்."

கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவர் நிம்மதியாக உள்ளே போனார்.

பத்து நாற்பதுக்குக் கை ஒழிந்தது. சும்மா விசாரிக்கலாம் என்று அத்தானைக் கூப்பிட்டாள். எடுத்ததுமே அவர் கத்தல்தான் கேட்டது.

"நீயா! இரு, ஓரமா நிறுத்தறேன்... உயிரே போயிடுச்சு போ. பாட்டு நடுவுல உன் ரிங்டோன் ரெண்டு பெட்டியிலயும் ஒரே நேரத்துல அலறுது. ஸ்டீரிங் கையை விட்டுப் போயிடுச்சு. பின்னாடி வந்த பஸ்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போறான்."

"ஐயோ. ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. இனிமே ஃப்ளைட் மோட்ல போட்டுடறேன். பாட்டு ஓடும், போன் வராது. போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிடறேன்."

அதுதான் நல்லது என்று அக்காவுக்கும் பட்டது. போன் பொடிசு கைக்கு மாறியது.

"அம்மா, சூப்பரா கேக்குது. வயித்துக்குள்ள டங்குடங்குன்னு அடிக்குது. அப்புறம் இங்க ஒரு வாசனை வருதும்மா. புதுச் செருப்பு வாங்கினா வருமே, அது மாதிரி."

"என்ன வாசனைடி?"

முன் சீட்டிலிருந்து அத்தானின் குரல். "புது ஒயரு. அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல போயிடும்."

"ஜன்னலைத் திறந்து வெச்சுக்கச் சொல்லு."

"திறந்தா பாட்டெல்லாம் வெளிய போயிடுமாம்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். தொடர்பு அறுந்தது.

அக்கா போனை மேஜையில் வைத்தாள். எதுவோ உறுத்தியது. என்னவென்று பிடிபடுவதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றார்.

●

நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. இருபுறமும் பொட்டல். அத்தான் ஸ்டீரிங்கில் தாளம் போட்டார்.

"அப்பா, அந்தக் கடைசி இடம் மறுபடியும்."

கடைசியில் முரசு முரசாக வரும் இடம். அங்கேதான் அவள் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஏழு தடவை கேட்டாயிற்று. அத்தான் எட்டாவது தடவையும் போட்டார், இன்னும் கொஞ்சம் சத்தம் வைத்து.

"மாமா சூப்பரா பண்ணியிருக்காருல்லப்பா?"

"வேலைக்காரன்தான். வாய்தான் சரியில்ல" என்றார் அத்தான். பிறகு, "உங்கம்மாகிட்ட சொல்லாத. வர்ற வாரம் இதை மாமா வீட்டுலயே கொண்டுபோய் இறக்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"நிஜமாவா?"

"தாத்தா பக்கத்துல உக்காந்து இதைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தவன் அவன்தானே. எனக்குப் பாட்டுன்னா எதுன்னே தெரியாது. ரெண்டு மாசமா வீம்புக்குத்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்." சொன்னபோது அவருக்கே மனசு லேசானது. "போய்ச் சேர்ந்ததும் நானே அவனுக்குப் போன் போட்டுச் சொல்றேன்."

"இப்பவே பேசுங்கப்பா."

"பாட்டு ஓடுதுல்ல. போயிட்டுப் பேசலாம்."

பொடிசு குனிந்து காலணியைக் கழற்றினாள். "அப்பா, காலுக்குக் கீழ சூடா இருக்கு."

"வெளிய வெயில் அப்படி. ஏசியைக் கூட்டறேன் இரு. காலை மேல வெச்சுக்கோ."

அவள் கால்களை மடக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டு, இடது பக்கப் பெட்டியில் தலை சாய்த்தாள். விடிகாலையில் எழுந்த குழந்தை, அந்தச் சத்தத்திலும் கண் சொக்கியது.

முரசு மறுபடி அதிர்ந்தபோது, பாட்டு ஒரு நொடி உள்ளே போய் வெளியே வந்தது. அத்தான் சாலையில் பள்ளம் என்று நினைத்தார். சாலை வழவழவென்றுதான் இருந்தது.

●

பதினொன்றரைக்குத் தம்பி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். தோளில் கட்டைவிரல் பருமனுக்குச் சிவப்பு ஒயர் வளையம். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அக்கா, கார் எங்க? சாயங்காலம் கடையில வேலை இருக்கு, அதான் இப்பவே முடிச்சிடலாம்னு வீட்டுக்குப் போனேன். பூட்டியிருக்கு."

"அவர் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்காருடா." யோசிக்காமலே வந்துவிட்டது.

"கடைக்கும் போனேன். அதுவும் மூடியிருக்கு."

அக்கா மேஜையில் இருந்த பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

"போட்டி... இன்னைக்குத்தான்டா. தேதியை மாத்திட்டாங்க."

"கார்லயா போயிருக்காங்க? பாட்டு போட்டுக்கிட்டா?"

"ஆமா."

தம்பியின் முகம் வெளிறியதை அக்கா பார்த்தாள். "நான் சொன்னதை அத்தான்கிட்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேனே."

"என்ன வார்த்தை சொன்ன? அதே வார்த்தையைச் சொல்லு."

காத்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினோரு வருஷத்தில் அந்த மேஜையில் வார்த்தை கிடைக்காமல் நின்றவள் இல்லை அவள்.

"நல்லா பண்ணியிருக்கான், உங்களுக்குப் பிடிக்கும்னான்... அப்படின்னு சொன்னேன்."

தம்பி பொட்டலத்தை மேஜையில் வைத்தான். ஃப்யூஸ் ஒன்று உருண்டு வெளியே வந்தது. சுண்டு விரல் நகம் அளவுதான் இருந்தது.

"அக்கா, இது எதுக்கு இருக்குன்னு தெரியுமா? ஒயர் தாங்காத அளவுக்குக் கரண்டு இழுத்தா இது எரிஞ்சுபோய் ஒயரைக் காப்பாத்தும். அங்க இது இல்ல. கம்பிதான் இருக்கு. கம்பி எரியாது. ஒயரு எரியும். இன்ஜின்லேர்ந்து பின்னாடி வரைக்கும், தரைவிரிப்புக்கு அடியில. சத்தம் கூடக் கூட ஒயரு கொதிக்கும்." மூச்சு வாங்கினான். "பொடிசு முன்னாடிதானே உக்காந்திருக்கா?"

"பின்னாடி. நடுவுல."

"நடுவுலன்னா?"

"பெட்டி ரெண்டையும் கதவுகிட்ட வெச்சு பெல்ட் போட்டிருக்காரு. அவ நடுவுல."

தம்பி மேஜையில் கிடந்த ஃப்யூஸை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. புதுச் செருப்பு வாசனை. குழந்தை சொன்னாளே, கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், என்று உள்ளே அறைந்தது.

போனை எடுத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. திரும்பப் போட்டாள். அதே குரல். தம்பி போட்டான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அத்தானின் எண்ணைத் தானே அழைத்தான். அவனுக்கும் அதே குரல்தான்.

"ஏன் போகல?"

"ஃப்ளைட் மோட்ல போட்டிருக்காரு. நான் போன் பண்ணி ஸ்டீரிங் தவறிடுச்சு. அதனாலதான்." அக்காவின் குரல் உடைந்தது. "நான் கூப்பிடாம இருந்திருந்தா போன் ஆன்ல இருந்திருக்கும்டா."

"எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?"

"ஒன்பதரை."

ரெண்டு மணி நேரம். தம்பி வாசலில் நின்ற தன் பைக்கைப் பார்த்தான். அதை வைத்துக்கொண்டு என்ன விரட்டினாலும் நடக்காது என்று அவனுக்கே தெரிந்தது. போட்டி நடக்கும் இடத்தில் இருந்த பொடிசின் பயிற்சி ஆசிரியைக்குப் போன் போட்டார்கள். "இன்னும் வரலையேங்க" என்றார் அவர்.

அப்போதுதான் ஒரு பெரிய கை அக்காவின் முன்னால் நீண்டது. லாரி ஓட்டுநர். வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் பேச முடியவில்லை. தன் போனில் ஒரு எண்ணைக் காட்டினார். நெடுஞ்சாலை உதவி மையம். வண்டியோடு உருளுகிற ஆள், எல்லாம் கைவசம் இருக்கும். அழுத்தியும் கொடுத்துவிட்டார்.

மறுமுனையில் ஒரு பெண். அழகாக வணக்கம் சொன்னாள், என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.

"வணக்கம்ங்க. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரு வண்டியில சின்னதா ஒயர் கோளாறு இருக்கலாமோன்னு..."

அக்காவின் வாய் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழக்கம்.

"அவசர உதவி இல்லைன்னா, கொஞ்சம் காத்திருப்புல இருங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். ஒரு மெல்லிசை ஆரம்பித்தது.

தம்பி அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "உள்ளதைச் சொல்லுக்கா! ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்லு!"

மெல்லிசை ஓடியது. அரை நிமிஷமா, ஐந்து நிமிஷமா, அக்காவுக்குத் தெரியவில்லை. டாக்டர் கையுறையோடு வெளியே வந்து, எதையோ கேட்கப்போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இசை நின்று அந்தப் பெண்ணின் குரல் திரும்ப வந்ததும் அக்கா கத்தினாள். தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"ஒரு கார் தீப்பிடிக்கப் போகுது. பின் சீட்டுல என் பொண்ணு இருக்கா. பதினொரு வயசு. அவளால தானா வெளிய வர முடியாது. ஓட்டறவருக்கு இது தெரியாது, ஏன்னா நான் சொல்லல. வண்டியை நிறுத்துங்க. எங்கயாவது நிறுத்துங்க!"

வண்டி எண்ணைச் சொன்னாள். போகிற ஊரைச் சொன்னாள். பச்சை நிறம் என்று சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தடதடத்தது. யாரையோ அந்தப் பெண் கூப்பிட்டாள். ஒரு ஆண் குரல், வயர்லெஸ்ஸின் கரகரப்பு, பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசும் சத்தம்.

தம்பி அந்த ஃப்யூஸைக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

குரல் திரும்பி வந்தது.

"மேடம், இருக்கீங்களா? அந்த வண்டியில... பின் சீட்டுல ரெண்டு பெரிய மரப்பெட்டி இருந்துச்சுங்களா?"

அக்கா பெட்டிகளைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா" என்றாள்.

மறுபடி கையால் மூடிய சத்தம். அப்புறம் அந்தப் பெண் பேசினாள். குரல் மாறியிருந்தது. மெதுவாக, இதமாக, தேனாக வந்தது.

"பதட்டப்படாதீங்க மேடம். ஒண்ணும் இல்ல. நம்ம ஆளுங்க அங்கதான் இருக்காங்க. நீங்க முதல்ல கொஞ்சம் உக்காருங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

இந்தக் குரலை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அவள் சம்பளம் வாங்குவது இந்தக் குரலுக்குத்தான். எதை மூடுவதற்கு இது வரும் என்பதும் தெரியும்.

அவள் உட்காரவில்லை. மேஜையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட இப்படிப் பேசாதீங்க" என்றாள். "உள்ளதைச் சொல்லுங்க."